தாய் கொடுக்க முடியாத குடியுரிமை

லெபனான் பெண்ணொருத்தி சிரியாக்காரரையோ எகிப்தியரையோ மணந்தால், அவள் பெற்ற பிள்ளைக்கு லெபனான் குடியுரிமை கிடையாது. பெய்ரூட்டிலேயே பிறந்து, அங்கேயே படித்து வளர்ந்தாலும் கிடையாது. அதே ஊர் ஆண் எந்த நாட்டுப் பெண்ணை மணந்தாலும் பிள்ளைகள் பிறவிக் குடிமக்கள். திருமணத்தைப் பதிந்து ஓராண்டு கழிந்தால் மனைவியும் குடியுரிமை கேட்கலாம்.

இதை விதித்தது 1925 ஜனவரியில் பிரெஞ்சு ஆட்சி பிறப்பித்த 15ஆம் எண் ஆணை. 1943இல் நாடு விடுதலை பெற்ற பிறகும் அந்த ஆணை அப்படியே தங்கிவிட்டது. திருமணமாகாத தாய் தன் பிள்ளையை முதலில் அங்கீகரித்தால் குடியுரிமை கிடைக்க அதில் வழி இருக்கிறது. முறைப்படி ஊரறிய மணந்தவளுக்குத்தான் வழியில்லை! வெளிநாட்டுக் கணவரை இழந்த ஒரு தாய் நீதிமன்றம் போனார். 2009இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அரசு மேல்முறையீடு செய்தது; மறு ஆண்டே தீர்ப்பு கவிழ்ந்தது.

அடையாள அட்டை இல்லாததோடு இது நிற்பதில்லை. அரசு வேலை கிடையாது. வக்கீல், டாக்டர் தொழில்களுக்கும் முட்டுக்கட்டை. தந்தை பாலஸ்தீனர் என்றால் இன்னும் மோசம்: 2001இல் வந்த சட்டப்படி பாலஸ்தீனர் அங்கே வீடு, நிலம் வாங்கிப் பதிய முடியாது. தாய் வாழ்நாளெல்லாம் உழைத்துக் கட்டிய வீடு, அவள் பிள்ளையின் பெயருக்கு மாறாது.

அரசியல்வாதிகள் சொல்லும் காரணம் ஒன்றுதான். கிறிஸ்தவர், சன்னி, ஷியா என்று பதவிகளைப் பங்கிட்டுக்கொண்ட நாட்டில், பாலஸ்தீனரும் சிரியரும் குடிமக்களானால் மதக் கணக்கு குலைந்துவிடுமாம். அந்தக் கணக்கைத்தான் யார் பார்த்தார்கள்? அங்கே கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 1932இல். தவிர, லெபனான் ஆண் சிரியப் பெண்ணை மணந்தால் இந்தக் கணக்கை யாரும் எடுப்பதில்லை. சமநிலையைக் காக்கும் பாரம் முழுக்கப் பெண் தலையில்.

2025 பிப்ரவரியில் பதவியேற்ற பிரதமர் நவாஃப் சலாம், அதற்கு முன்புவரை ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத் தலைவர். அவரது 24 பேர் அமைச்சரவையில் ஐந்து பெண்கள். 2022இல் தேர்வான நாடாளுமன்றத்தின் 128 இடங்களில் பெண்கள் எட்டே பேர் என்பதோடு ஒப்பிட்டால் இது பரவாயில்லை. சட்டம் தெரிந்தவரிடம்தான் இதைக் கேட்க வேண்டும்: திருத்த மசோதாவைக் கொண்டுவாருங்கள், விதிவிலக்கு இல்லாமல்.

விதிவிலக்கை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2018இல் வெளியுறவு அமைச்சராக இருந்த ஜிப்ரான் பாசில், பெண்களுக்கும் இந்த உரிமையைத் தரலாம், அண்டை நாட்டாரை மணந்தவர்களுக்கு மட்டும் வேண்டாம் என்றார். சிரியரையும் பாலஸ்தீனரையும் மணந்தவர்களை ஒதுக்கிவிட்டு யாருக்குத் தருவது? அந்த அரைச் சட்டம் வருவதைவிட வராமலிருப்பதே மேல் என்பேன். வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததென்று கோப்பை மூடிவிடுவார்கள்.

எகிப்து 2004இலும் அல்ஜீரியா 2005இலும் மொராக்கோ 2007இலும் மாற்றிக்கொண்டன. நாமும் ரொம்ப முந்தியவர்கள் அல்ல. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தாய் வழியாக இந்தியக் குடியுரிமை கிடைக்க 1992 டிசம்பர் வரை காத்திருந்தோம். இலங்கையில் 2003 ஆயிற்று.

சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் எத்தனை நாள் கிடக்குமோ தெரியாது. அதுவரை அமைச்சரவையே செய்யக்கூடியதும் உண்டு. இந்தப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி மூன்றாண்டு தங்கும் அனுமதி 2010இல் வந்தது அரசாணை வழியாகத்தான். அதை நிரந்தர அனுமதியாக்கவும், அதோடு வேலை செய்யும் உரிமையைச் சேர்க்கவும் சலாம் அரசு இப்போதே தொடங்கலாம்.