நாளைக்கு எந்தச் சாலை? ஐஸ்லாந்துப் பயணத்தின் பின்கட்டில்

ஐஸ்லாந்தின் அருவிகளையும் பனியாறுகளையும் படங்களில் பார்த்துப் பார்த்து ஏங்காதவர் யார்? அந்தக் காட்சிகளின் முன்னால் பயணிகளைக் கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள் முந்தின இரவு என்னதான் செய்வார்கள் என்று பார்க்க எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது! ரெய்க்யவிக் நகரில் ஒரு சின்னச் சுற்றுலாக் குழுவின் சமையலறை அது. காலணிகளை வாசலிலேயே கழற்றிவிடுங்கள், இந்த ஊரிலும் அதுதான் வழக்கம். சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாருங்கள்.

மேசையைப் பாருங்கள்! காபிக் கறை படிந்த பெரிய வரைபடம், அதன் ஒரு மூலை பறக்காமலிருக்க ஒரு வெண்ணெய் டப்பா, பக்கத்தில் அந்த வெண்ணெயைத் தடவித் தின்னக் காய்ந்த மீன். பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரால் சூடாகும் ஹீட்டர்மேல் நான்கைந்து ஈரக் கையுறைகள். மேசைக்கு ஒரு பக்கம் நரைத்த தாடி ஓட்டுநர். எதிரில் இளம் வழிகாட்டிப் பெண். வானிலை அறிக்கை புதுப்பிக்கப்படும் வரை கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறார்.

தீவைச் சுற்றி வரும் ஒன்றாம் எண் சாலையின் நீளம் 1,322 கிலோமீட்டர். எந்த அருவி, எந்த எரிமலை என்று பேச்சு தொடங்கும் என்று நினைத்தேன். "காற்று எவ்வளவு?" என்பதுதான் முதல் கேள்வி! இங்கே காற்றை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று கணக்கிடுகிறார்கள். அந்த எண்ணைக் கேட்டதும் ஓட்டுநர் தாடியைத் தடவினார். வழிகாட்டி பென்சிலை எடுத்தார். ஒவ்வொரு நாளுக்கும் மூன்று கட்டங்கள்: போக வேண்டிய இடம், முடியாவிட்டால் மாற்று, மாற்றும் கைவிட்டால் இன்னொன்று. ஒரு திரையில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என வானிலை எச்சரிக்கைகள். இன்னொன்றில் சாலைகளின் நிலைமை; பச்சை என்றால் கிளம்பலாம், சிவப்பு என்றால் அடைப்பு. சந்தேகம் வந்தால் 1777 என்ற எண்ணுக்கு ஒரு போன்.

நடுவில் ஓட்டுநர் என்னைப் பார்த்து, "எங்கள் நாட்டுக் காட்டில் வழி தவறினால் என்ன செய்ய வேண்டும் தெரியுமா?" என்றார். விழித்தேன். "எழுந்து நின்றால் போதும்!" இங்கே மரங்கள் அவ்வளவு குட்டை. தீவில் எல்லோருக்கும் தெரிந்த பழைய ஜோக்தான். வழிகாட்டி அதற்கு ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

பென்சில் எதற்கு, பேனா கூடாதா? ஓட்டுநரின் விரல் தெற்குக் கரையில் ஒரு மணல்வெளிக்குப் போய் நின்றது. 1974இல் அங்கே ஸ்கேதரா ஆற்றின் மேல் 880 மீட்டர் பாலம் கட்டி முடித்த பிறகுதான் தீவைச் சுற்றும் சாலையே முழு வட்டமானது. 1996இல் வாட்னயோக்குல் பனிப்பாளத்துக்கு அடியில் எரிமலை வெடித்தது. உருகிய நீர் பல வாரங்கள் உள்ளேயே தேங்கி, நவம்பரில் ஒரே மூச்சாக உடைத்துக்கொண்டு வந்தது. வீட்டளவு பனிப்பாறைகள் உருண்டு வர, ஒரு பாலம் அடியோடு போனது, அந்த நீளப் பாலமும் சிதைந்தது. முறுக்கிப் பிழிந்த இரும்பு உத்தரங்களைச் சாலையோரத்தில் நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். வரைபடமே மாறிவிடும் நாட்டில் வேறு எதால் எழுதுவது?

விடிந்ததும் வண்டி முற்றம். மண்வெட்டி, இழுவைக் கயிறு, பிளாஸ்க் எல்லாம் ஏறுகின்றன. பயணிகள் வருவதற்கு முன் ஒரு ஒத்திகை! வண்டியின் மூக்கு காற்றைப் பார்த்து நிற்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு கதவுதான் திறக்கலாம், அதையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். இங்கே காற்று கதவைப் பின்பக்கமாக மடித்துப் பிய்த்துவிடும், பல காப்பீடுகள் அதற்குப் பணம் தருவதில்லை. வழிகாட்டி, கதவோடு பறந்துபோகும் பயணியாக நடித்துக் காட்ட, முற்றமே சிரித்தது.

அடுத்து, சோல்ஹெய்மயோக்குல் பனியாற்றின் அருகே ஒரு கொட்டகை. உள்ளே நுழைந்ததும் ஈரக் காலுறை வாசனை! பனியில் நடக்கக் காலணியில் மாட்டும் முள்தகடுகள் பெட்டி பெட்டியாக. ஹெல்மெட்களில் டேப் ஒட்டிக் கிறுக்கிய பெயர்கள். கையில் பனிக்கோடரியோடு இரண்டு இளைஞர்கள் மேலிருந்து இறங்கி வருகிறார்கள். அந்தக் குளிரிலும் அவர்கள் பனியன் முதுகில் ஆவி பறக்கிறது. பழைய வெடிப்புகளின் சாம்பல் கறுப்புக் கோடுகளாக ஓடும் அந்தப் பனியில் நேற்று வெட்டிய படிகள் இன்று உருகி மழுங்கிவிட்டனவாம். அதனால் தினமும் காலையில் புதுப் படி! பயணிகள் வரும்போது இருவரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இப்போதுதான் எழுந்து வந்தவர்கள்போல "காலை வணக்கம்" சொன்னார்கள். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

மதியம் வீக் கிராமம். குன்றின் மேல் சிவப்புக் கூரைத் தேவாலயம், எல்லோர் கேமராவும் அதன் பக்கம். வழிகாட்டி என் காதருகே இன்னொரு திட்டத்தைச் சொன்னார். பக்கத்துப் பனிப்பாளத்துக்கு அடியில் காட்லா எரிமலை இருக்கிறது. கடைசியாக அது பெரிதாக வெடித்தது 1918இல். மறுபடி வெடித்தால் ஊர் மக்கள் கூடவேண்டிய மேடான இடம் அந்தத் தேவாலயம்தான். குழுவின் தாளில் அதற்கும் ஒரு வரி இருந்தது.

அப்போதுதான் திரையில் கிழக்குச் சாலை சிவப்பானது. பனிப்பாறைகள் மிதக்கும் யோக்குல்சார்லோன் ஏரி அன்றைக்கு இல்லை! பெருமூச்சு வரும் என்று எதிர்பார்த்தேன், "நீச்சல்குளம்!" என்று கூவினார்கள். ஏறக்குறைய எல்லா ஊரிலும் வெந்நீர்த் தொட்டியோடு ஒரு பொதுக் குளம் இருக்கிறது. கழுத்துவரை வெந்நீரில் அமர்ந்தபடி திட்டக் கூட்டம் தொடர்ந்தது. எதிரே குளித்துக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் ஒருவர், மீர்டால்ஸ் மணல்வெளியில் மணல் பறக்கிறது, வண்டிப் பெயின்ட் உரிந்துவிடும், விடியற்காலையில் அடங்கும் என்றார். குளம் முழுக்க ஆளாளுக்கு யோசனை! அன்றிரவு ஆட்டுக்கறி சூப்பும் ரப்பரும் பென்சிலுமாகப் புதுத் திட்டம் பிறந்தது.

மறுநாள் அதிகாலை சாலை பச்சை. ஏரிக்கரையில் நீலப் பனிக்கட்டிகளுக்கு நடுவே ஒரு கடல்நாய் தலையை நீட்ட, பயணிகள் எல்லோரும் "நமக்கு என்ன அதிர்ஷ்டம்!" என்று குதித்தார்கள். வண்டிக்குப் பின்னால் ஓட்டுநரும் வழிகாட்டியும் உள்ளங்கையைத் தட்டிக்கொண்டதை நான் மட்டும் பார்த்தேன். இப்போது நீங்களும் பார்த்துவிட்டீர்கள். ஐஸ்லாந்துக்குத் திட்டம் போடும் நாளில் இவர்களிடம் நான் கற்றதைச் செய்யுங்கள்: காற்றைக் கேட்ட பிறகு இடத்தைக் குறியுங்கள், பென்சிலால் எழுதுங்கள், ஒரு நாளை முழுசாகக் காலியாக விடுங்கள், நீச்சல் உடையை மறக்காதீர்கள்!