வார்சா: பழைய நகரமா, புதிய நகரமா?

போலந்து நாட்டைச் சுற்றிப் பார்க்கச் செல்வோர் தவறாது காணும் இடம் தலைநகர் வார்சாவின் பழைய நகரச் சதுக்கமாகும். கல் பாவிய முற்றம். அதனைச் சுற்றி மஞ்சளும் செம்மையும் பச்சையுமாக வண்ணம் தீட்டிய ஒடுக்கமான மாடி வீடுகள். நடுவே வாளும் கேடயமும் ஏந்திய கடற்கன்னியின் சிலை. இவற்றைக் காண்போர், பல நூற்றாண்டுகளாக இப்படியே நின்ற ஊர் என்றே எண்ணுவர். உண்மை அதுவன்று. இச்சதுக்கம் மக்களுக்குத் திறந்து வைக்கப்பட்டது 1953ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள்தான். எங்கள் தோட்டப் பள்ளியின் பலகைக் கட்டடம் அதைவிட மூத்தது!

இது நேர்ந்த வரலாற்றைச் சிறிது காண்போம். ஜெர்மானிய நாஜிப் படையின் பிடியிலிருந்த வார்சா மக்கள் 1944 ஆகஸ்டு முதல் நாள் கிளர்ந்தெழுந்தனர். 63 நாட்கள் போராடித் தோற்றனர். அதன் பிறகு நடந்ததுதான் கொடுமையிலும் கொடுமை. எஞ்சிய மக்களை வெளியேற்றிவிட்டு, வீதி வீதியாகத் தீயிட்டும் வெடி வைத்தும் நகரை அழிப்பதற்கென்றே படைப்பிரிவுகள் ஏவப்பட்டன. நூலகங்களும் அரண்மனைகளும் கோயில்களும் முறை வைத்துத் தகர்க்கப்பட்டன. 1945 ஜனவரியில் சோவியத் படை நுழைந்தபோது, போருக்கு முன் 13 லட்சம் பேர் வாழ்ந்த நகரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டுக் கட்டடங்கள் பாழாகிக் கிடந்தன.

தலைநகரை வேறிடத்துக்கு மாற்றிவிடலாம் என்ற பேச்சும் அப்போது எழுந்தது. ஆனால் மக்கள் இடிபாடுகளுக்கே திரும்பி வந்தனர். அவ்வாண்டே தலைநகர்ப் புனரமைப்பு அலுவலகம் ஒன்று அமைக்கப்பட்டது. பழஞ்சின்னங்களின் பொறுப்பை ஏற்றவர் யான் சக்வாத்தோவிச் என்ற கட்டடக்கலைப் பேராசிரியர். ‘பழஞ்சின்னத்தைப் பாதுகாக்கலாம், அழிந்ததைத் திரும்பக் கட்டலாகாது, கட்டினால் அது போலி’ என்பதே அக்காலத்து அறிஞர் பலருடைய கொள்கை. இவருக்கும் அக்கொள்கை தெரியாததன்று. ஆயினும், ஓர் இனத்தின் நினைவையே அழிக்க வேண்டுமென்று செய்த அழிவை அப்படியே ஏற்றுக்கொள்வது தகாது என வாதிட்டார்.

சரி, இல்லாமற்போன நகரை எதைப் பார்த்துக் கட்டுவது? வார்சா தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்து மாணவர்கள் பழைய வீடுகளைச் சன்னல் சன்னலாக அளந்து வரைந்திருந்த படங்கள் இருந்தன. போர்க்காலத்தில் அவற்றை ரகசியமாக நகருக்கு வெளியே கொண்டுசென்று, பியோத்ர்கூவ் என்னும் ஊரிலுள்ள ஒரு மடத்தில் ஒளித்து வைத்திருந்தனர். சதுக்கத்து வீடுகள் உயிர்பெற்றது பெரும்பாலும் இவற்றால்தான். மாணவர் வரையும் பயிற்சிப் படம்தானே என்று எவரும் அலட்சியமாகச் சொன்னால், எனக்கு இந்நிகழ்ச்சிதான் நினைவுக்கு வரும்.

மற்றொரு துணை, ஓவியம். வெனிஸ் நகரத்தவரான பெர்னார்தோ பெல்லோத்தோ, மன்னர் ஸ்தானிஸ்லாவ் ஆகஸ்டின் அரண்மனை ஓவியராக வார்சாவில் வாழ்ந்து 1780இல் அங்கேயே மறைந்தவர். கனலெத்தோ என்ற புகழ்பெற்ற ஓவியரின் மருமகன். அப்பெயராலேயே போலந்து மக்கள் இவரையும் அழைப்பர். வில்லை வழியே புகும் ஒளி, இருட்டுப் பெட்டிக்குள் விழுந்து எதிரேயுள்ள காட்சியைத் தாளில் காட்டும். அக்கருவியைத் துணைக்கொண்டு வீதிகளை நுட்பமாகத் தீட்டினார். அட்டைப்பெட்டியில் ஊசித்துளையிட்டு நம் மாணவர்கள் அறிவியல் பாடத்தில் செய்வது அதன் தம்பிதான். பழைய நகரம் முழுவதும் இவருடைய ஓவியங்களைப் பார்த்தே கட்டப்பட்டது என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. அது சற்று மிகை. அவை பெரிதும் உதவியது அரண்மனையிலிருந்து தெற்கே செல்லும் பெருவீதிக்கும் அதனை ஒட்டிய தெருக்களுக்குமேயாம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஓவியத்திலிருப்பது 18ஆம் நூற்றாண்டு வார்சா. குண்டு விழுந்தது 1939ஆம் ஆண்டு வார்சாவின் மீது. இடைக்காலத்தில் சேர்ந்த மாற்றங்கள் பல இடங்களில் வேண்டுமென்றே கைவிடப்பட்டன. புனித யோவான் பேராலயத்துக்கு 19ஆம் நூற்றாண்டில் கட்டிய முகப்பு திரும்ப வரவில்லை. அதனினும் பழைய பாணி இதுவாக இருக்கலாமென்று கருதி வேறொரு செங்கல் முகப்பை எழுப்பினர். வீடுகளின் முகம் பழையது, உட்புறமோ குழாய்நீரும் கழிவறையும் கொண்ட புதிய குடியிருப்பு. செங்கல் போதாமையால், போருக்குப் பின் போலந்துடன் சேர்ந்த விரோத்ஸ்வாஃப் போன்ற மேற்கு நகரங்களிலிருந்து ரயிலேற்றிக் கொண்டுவந்தனர். அதற்காக அங்கே நின்றுகொண்டிருந்த கட்டடங்களை இடித்ததும் உண்டு. ஓர் ஊரின் பழமையை மீட்க வேறோர் ஊரின் பழமை விலையாயிற்று. இதைப் பாராட்ட என்னால் இயலவில்லை.

அரச மாளிகையின் கதை வேறு. 1939இல் அது தீப்பற்றியபோது அருங்காட்சியக ஊழியர்கள் கதவுகளையும் சிற்பத் துண்டுகளையும் காப்பாற்றி மறைத்து வைத்தனர். 1944இல் மாளிகை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மீண்டும் கட்டுவதென 1971இல்தான் முடிவாயிற்று; உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் வாழ்ந்த போலந்து மக்களின் நன்கொடை குவிந்தது. காத்த துண்டுகள் உரிய இடத்தில் பதிக்கப்பட்டன. 1939 செப்டம்பர் 17ஆம் நாள் 11 மணி 15 நிமிடத்துக்கு நின்றுபோன கோபுரக் கடிகாரத்தை, 1974 ஜூலையில் அதே 11.15க்கு மீண்டும் ஓட விட்டனர். 1984 முதல் மாளிகையைப் பொதுமக்கள் பார்த்து வருகின்றனர். பெல்லோத்தோவின் 22 வார்சா ஓவியங்களும் அங்கே ஒரு கூடத்தில் மாட்டப்பட்டுள்ளன. அவற்றைப் பார்த்துவிட்டு வெளியே வந்து தெருவைப் பார்ப்பதே முறை.

வகுப்பில் நான் இப்படங்களைக் காட்டியபோது ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், “அப்படின்னா இது பொய்யான ஊரா ஐயா?” என்று கேட்டான். உடனே விடை சொல்ல எனக்கு வரவில்லை. யுனெஸ்கோ மன்றம் 1980இல் இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. கல்லின் வயதுக்காக அன்று; 13ஆம் நூற்றாண்டு முதல் 20ஆம் நூற்றாண்டு வரையிலான வரலாற்றை ஏறத்தாழ முழுமையாகத் திரும்பக் கட்டிய செயலுக்காகவே ஏற்றது. மறுநாள் அவனிடம் இதைச் சொன்னேன். தலையாட்டினான்; ஒப்புக்கொண்டான் என்று சொல்ல மாட்டேன்.

தெற்கேயுள்ள கிராக்கோவில் இக்கேள்விக்கே இடமில்லை. போரில் பெருஞ்சேதமின்றித் தப்பிய நகரம் அது. வாவெல் குன்றின் அரண்மனை, பழைய துணி வணிக மண்டபம், பைட் ஸ்டோஸ் 1477 முதல் 1489 வரை செதுக்கிய மரப் பலிபீடம் எல்லாம் அசலே. அழகில் வார்சாவை வெல்லக்கூடியது. ஆயினும் ஒருநாள்தான் கைவசம் என்றால் வார்சாவுக்கே போகச் சொல்வேன்.

அங்கே போவோர் பழைய நகரத்தோடு திரும்பிவிடலாகாது. சிறிது தொலைவு நடந்தால் முரானூவ் என்னும் பகுதி வரும். 1940 நவம்பரில் மதிலெழுப்பி 4 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை அடைத்து வைத்த இடத்தில் பெரும்பகுதி இதுவே. 1942 கோடையில் அவர்களுள் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் திரெப்லிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோர் 1943 ஏப்ரலில் எதிர்த்துப் போரிட்டனர். அதன்பின் அப்பகுதி தரைமட்டமாக்கப்பட்டது. இதன் வீதிகளை எவரும் பழையபடி கட்டவில்லை. அங்கு வாழ்ந்த மக்களே இல்லாதபோது யாருக்காகக் கட்டுவது என்று கேட்கலாம். கட்டாமல் விட்டதும் ஒருவகை மறதி என்று சொல்வாரும் உளர். அகற்ற முடியாத இடிபாட்டு மேடுகளின் மீதே, அவ்விடிபாட்டைப் பொடித்துச் செய்த கற்களைக் கொண்டு புதிய குடியிருப்புகளை எழுப்பினர். ஆகையால் அங்கே பல வீடுகள் தெருமட்டத்துக்கு மேலே நிற்கின்றன. வாசலை அடையப் படியேற வேண்டும். அப்படிகளுக்கு அடியிலிருப்பது பழைய வீதியின் இடிபாடு.