பிட்புல் குட்டிகள் இரண்டு

2023-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் யான் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டெக்சஸ் மாகாணத்தில் வாழும் என் நண்பர் ஒருவரின் இல்லத்தில் ஆறு வாரம் தங்கியிருந்தேன். அவர் நம் கல்லூரியின் பழைய மாணாக்கர். விடுதியில் எனக்கு அடுத்த அறையில் இருந்தவர். அவ்வில்லத்தின் வாயிலில் என்னை முதன்முதல் எதிர்கொண்டவை கரியன், செம்பி என்னும் இரண்டு நாய்கள். அவை பிட்புல் இனத்தவை என்று அறிந்தபோது என் கால்கள் சற்றே பின்வாங்கின என்பதை மறைப்பானேன்? நண்பர் குரலை உயர்த்தாமலே, “உட்கார்” என்று தமிழிற் கூறினார். இரண்டும் உட்கார்ந்தன. ஆங்கிலம் வழங்கும் அவ்வூரில் தமிழ் மாத்திரமே அறிந்த குடிகள் அவ்விரண்டே போலும்!

எட்டு மாதங்களுக்கு முன் நிலைமை இவ்வாறில்லை. அவற்றுள் ஒன்றையேனும் திருப்பிக் கொடுத்துவிடத் தீர்மானித்து, அவற்றைப் பெற்றுவந்த விலங்குக் காப்பகத்துக்கு நண்பர் ஒரு கடிதமும் எழுதிவிட்டாராம். அந்நாட்டுக் காப்பகங்களில் இவ்வகை நாய்களே மிகுதி. அவற்றை ஏற்க முன்வருவோரோ குறைவு; இடமின்மையால் உயிரிழப்பனவும் பல. ஆகவே அக்கடிதம் ஒரு குட்டியின் உயிரையே ஐயத்திற்குள்ளாக்கக் கூடியதாயிருந்தது. அஃது அனுப்பப்படாமற் போனது எவ்வாறு என்பதை ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

முதற்கண் இவ்வினத்தின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். ‘பிட்’ என்பது குழி. ‘புல்’ என்பது காளை. முற்காலத்து இங்கிலாந்தில் ஒரு காளையை முளையிற் கட்டி, அதன்மேல் நாய்களை ஏவிவிட்டு வேடிக்கை பார்க்கும் கொடிய வழக்கம் இருந்தது. 1835-இல் பாராளுமன்றம் அதனைச் சட்டத்தால் விலக்கிற்று. விலக்கவே, அவ்விளையாட்டில் ஊறியவர்கள் மறைவிடங்களிற் குழியமைத்து நாயோடு நாயைப் போர் செய்வித்தனர். காளைநாயின் வலிமையும் டெரியர் என்னும் சிறுநாயின் சுறுசுறுப்பும் கலந்து பிறந்தனவே இந்நாய்கள். கடல் கடந்து குடியேறியோருடன் இவை அமெரிக்கா சேர்ந்தன. அங்கே பண்ணைகளில் காவலுக்கும் கால்நடை மடக்கவும் உதவின. 1898-இல் அந்நாட்டில் தோன்றிய யுனைடெட் கென்னல் கிளப் என்னும் சங்கம் இவ்வினத்துக்கு முதன்முதலாகப் பதிவேடு அமைத்தது.

கடித்தால் இந்நாயின் தாடை பூட்டிக்கொள்ளும் என்று பலர் கூறுவர். அது கட்டுக்கதை, பிற நாய்களின் தாடைக்கும் இதன் தாடைக்கும் அமைப்பில் வேறுபாடில்லை. ஆயினும் எடுத்த செயலை எளிதில் விடாத பிடிவாதமும் தசைவலிமையும் இதற்கு மிகுதி. ஆதலின் இது கடித்தால் விளையும் கேடும் மிகுதி. 2022-இல் ‘சயன்ஸ்’ என்னும் இதழில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி பதினெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களைப்பற்றி அவற்றை வளர்ப்போரிடம் வினாவித் தொகுத்தது. அதன்படி நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கே இனத்தாற் கூறத்தக்கது. 2007-இல் வர்ஜீனியா மாகாணத்தில் மைக்கேல் விக் என்னும் பந்தாட்ட வீரரின் நிலத்தில் போருக்கென வளர்க்கப்பட்ட ஐம்பது நாய்கள் வரை கைப்பற்றப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை கொல்லப்படாமல் தகுந்தோர் கையில் ஒப்புவிக்கப்பட்டன. பல பின்னர்க் குடும்பங்களில் அமைதியாய் வாழ்ந்தன. இவற்றால் இனம் ஒரு பொருட்டே அன்று என்று முடிவு கட்டுதலும் பேதைமையாகும். பிற நாயைக் கண்டால் சீறும் இயல்பைப் பல தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பெருக்கிய குருதி இது. அவ்வியல்பு சிலவற்றில் தலைகாட்டும் என எதிர்பார்த்தே இதனை வளர்க்க வேண்டும்.

பிரிட்டனில் 1991-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வினத்தைத் தடை செய்துள்ளது. நம் நாட்டில் 2024 மார்ச்சு மாதத்தில் மத்திய அரசு, பிட்புல் முதலிய 23 வகை நாய்களின் விற்பனையையும் இனப்பெருக்கத்தையும் தடுக்குமாறு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. கர்நாடக உயர்நீதிமன்றம் அதனை அடுத்த மாதமே ரத்துச் செய்தது. ஆகையால் இவ்வினத்தை விரும்பும் மாணவர், தம் ஊர் நகராட்சியின் விதியை முன்னரே விசாரித்தறிதல் நலம். இனிக் கூறப்போவன இராசபாளையம், கோம்பை முதலிய நம் நாட்டு நாய்களுக்கும், தெருவில் எடுத்து வளர்க்கும் குட்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்துவனவே.

நிற்க. ஒன்றை வளர்ப்பதிலும் இரண்டை வளர்த்தல் எளிது என்று பலர் எண்ணுகின்றனர். ஒன்றுக்கொன்று துணையாகும், தனிமையில் அழா, விளையாடிக் களைத்து உறங்கிவிடும் என்பது அவர் கருத்து. நண்பரும் அவ்வாறே எண்ணி, ஓரீற்றிற் பிறந்த எட்டு வாரக் குட்டிகளாக ஆணொன்றும் பெட்டையொன்றும் கொணர்ந்தார். தாய் பிட்புல் என்பது தெரியும். தந்தை யாரென்பது எவருக்கும் தெரியாது. இரண்டையும் ஒரே கூண்டில் உறங்கவைத்தார். ஒரே தட்டில் உணவிட்டார். சேர்த்தே உலாவ அழைத்துச் சென்றார். முதல் மாதம் வீட்டார்க்கு ஆனந்தமாகவே கழிந்தது.

அடுத்த மாதம் முடிவதற்குள் நாற்காலிக் கால் ஒன்றும் செருப்பு இரண்டு சோடியும் தீர்ந்தன. அது பெரிதன்று, எக்குட்டியும் செய்வதே. பெயரிட்டு அழைத்தால் இரண்டும் திரும்பிப் பாராமையே நண்பரை வருத்திற்று. ஒன்றின் கண் எப்பொழுதும் மற்றொன்றின்மேலேயே இருந்தது. மருத்துவர் ஒன்றை உள்ளே கொண்டுசென்றால் வெளியே நின்றது ஊளையிட்டு அலறும். உள்ளே சென்றதோ மேசைமேல் நடுங்கிச் சிறுநீர் கழிக்கும். விருந்தினர் வந்தால் செம்பி அஞ்சிக் குரைக்கும். அக்குரல் கேட்டுக் காரணமறியாமலே கரியன் பாயும். நண்பர் சோறிடும் ஆளாக இருந்தாரேயன்றி, அவற்றின் உலகத்தில் அவருக்கு வேறு இடம் இல்லை.

இதற்கு அமெரிக்கப் பயிற்சியாளர் ஒரு நோய்ப்பெயர் இட்டு வழங்குகின்றனர். ஆராய்ச்சியால் நிலைநாட்டப்பட்ட நோயன்று அது. எல்லா இரட்டைக் குட்டிகளுக்கும் நேர்வதுமன்று. ஆயினும் காரணம் தெளிவானதே. மெயின் மாகாணத்துப் பார் ஹார்பர் என்னும் ஊரில் ஸ்காட், புல்லர் என்னும் இரு அறிஞர் பல ஆண்டு நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965-இல் ஒரு நூல் வெளியிட்டனர். பிறந்து மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலத்திலேயே நாய்க்குட்டி தன் சுற்றத்தார் யாவர் என்று உள்ளத்திற் பதித்துக்கொள்கின்றது என்பது அவர்கள் கண்ட உண்மை. அவ்வாராய்ச்சிச் சாலையிலேயே பதினான்கு வாரம் வரை மனிதர் கைபடாது வளர்ந்த குட்டிகள், பின்னர் மனிதரைக் கண்டால் காட்டு விலங்குபோல் விலகியோடின. அப்பருவத்தில் இரவும் பகலும் உடன்பிறப்பே கண்முன் இருப்பின், மனிதனை நாட வேண்டிய தேவைதான் ஏது?

நண்பர் கடிதத்தை எழுதி மேசைமேல் வைத்த அன்று மாலை, தடுப்பூசிக்காக நாய் மருத்துவரிடம் சென்றார். அம்மருத்துவர் வயது முதிர்ந்த அம்மையார். அவர் நண்பரின் முறையீட்டைக் கேட்டு, “உம்மிடம் இரண்டு நாய்கள் இல்லை, எட்டுக் காலுடைய ஒரு நாயே இருக்கிறது. முதலில் அதை இரண்டாக்கும்” என்றாராம்.

அன்றிரவே கூண்டு இரண்டாயிற்று. முதலில் இரு கூண்டுகளும் அடுத்தடுத்து நின்றன. பின்னர் நாளுக்கு ஒரு முழம் விலக்கி, பத்து நாளில் ஒன்று கூடத்திலும் மற்றொன்று படுக்கையறையிலும் ஆயின. திடீரெனப் பிரித்திருந்தால் அச்சமே மிகுந்திருக்கும். உணவுத் தட்டு வேறாயிற்று. காலையில் நண்பர் கரியனோடும் அவர் மனைவியார் செம்பியோடும் வெவ்வேறு தெருவில் உலாவினர். மறுநாள் ஆள் மாற்றிக்கொண்டனர். ஒன்று பாடங்கற்கும்போது மற்றொன்று வேறறையில் எலும்பு கடித்துக்கொண்டிருக்கும். நாளுக்கு இருமுறை, அரைமணி நேரம், இரண்டையும் சேர்த்து விளையாடவிட்டனர். அதனை முற்றும் நீக்கவில்லை. ஏனெனில், எவ்வளவு அழுந்தக் கடிக்கலாம் என்பதைக் குட்டிக்குக் கற்பிக்கும் நல்லாசிரியர் மற்றொரு குட்டியே. மிஞ்சிக் கடித்தால் மற்றது அலறி விளையாட்டை நிறுத்திவிடும். மனிதர் கையைக் கடித்தபோது நண்பரும் அவ்வாறே வாளாது எழுந்து அப்பாற் சென்றார். இவ்வேற்பாட்டால் வீட்டில் வேலை இரட்டித்தது. இரட்டை வேலை செய்ய இயலாதவர் ஒரு குட்டியோடு நிற்க. அது இரண்டு வயதடைந்தபின் மற்றொன்றை நாடுக.

பாடங்களைப்பற்றிச் சிறிது விரிவாகக் கூறுவேன். ஒரு செயலின் பின் இன்பம் விளைந்தால் அச்செயல் மீண்டும் நிகழும் என்பதைத் தார்ண்டைக் என்னும் அமெரிக்க அறிஞர் பூனைகளைப் பெட்டியிலடைத்து ஆராய்ந்து 1898-இல் வெளியிட்டார். உணவுக்கு முன் தவறாமல் ஒலிக்கும் ஒலியே உணவுபோல் நாய்க்கு இனிமையாகும் என்று ரஷ்யாவின் பாவ்லாவ் காட்டினார். இவ்விரண்டையும் சேர்த்தால் பயிற்சி முறை கிடைத்துவிடும். நண்பர் வழங்கிய ஒலி “சபாஷ்” என்னும் சொல். கரியனின் பின்புறம் தரையைத் தொட்ட அக்கணமே “சபாஷ்”. உடனே விரல்நகத்தளவு கோழியிறைச்சி. இரண்டு நொடி தாழ்த்தால், அதற்குள் நாய் எழுந்துவிடும். பரிசு எழுந்ததற்கே என்று கொள்ளும். ஒரு பாடம் ஐந்து நிமிடத்துக்கு மேற்படலாகாது. நாளுக்கு மூன்று பாடம் போதும்.

‘வா’ என்னும் சொல்லே எல்லாவற்றிலும் அரியது. நம்மிற் பலர், நாய் தவறு செய்தால் “வா இங்கே” என்று அழைத்து அடிக்கின்றோம். வந்ததற்கே அடி கிடைத்தது என்று அது கற்றுக்கொள்கின்றது. மறுமுறை ஏன் வரும்? நண்பர் வீட்டில் குளிப்பாட்டவோ கூண்டில் அடைக்கவோ அச்சொல்லை வழங்கலாகாது என்பது கண்டிப்பான விதி. அத்தகைய வேலைக்கு அவரே நாயிடம் செல்வார்.

நாயை மல்லாத்தி அமுக்கி, ‘யானே தலைவன்’ என்று காட்ட வேண்டும் என்போர் இன்றும் உளர். அக்கொள்கை, 1947-இல் ஷெங்கல் என்பார் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைக் கண்டு எழுதியதிலிருந்து பிறந்தது. காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய் தந்தையும் அவற்றின் பிள்ளைகளுமே என்று மெக் என்னும் அறிஞர் 1999-இல் விளக்கினார். அக்கொள்கையைப் பரப்பியதில் தம் பழைய நூலுக்கும் பங்குண்டென்று அவரே ஒப்புக்கொண்டவர். அமுக்கப்படும் நாய் அச்சத்தையே கற்கும். அஞ்சும் நாயே கடிக்கும் நாய்.

சுறுசுறுப்பை என் செய்வது? ஓடவிட்டுக் களைக்கச் செய்யலாம் என்று நண்பர் முதலில் முயன்றார். நாள்தோறும் ஓடிய குட்டிகள் நாளடைவில் ஓட்டத்தில் வல்லனவாயின. முன்பு அரைமணியில் களைத்தவை பின்பு இரண்டு மணியிலும் களைத்தில. எலும்பு முதிருமுன் நெடுந்தூரம் ஓட்டுதலும் உயரத் தாவச் செய்தலும் மூட்டுக்குத் தீங்கு. அதனால் அவர் மூக்குக்கு வேலை கொடுத்தார். காலை உணவில் பாதியைப் புல்தரையில் தூவி, மோந்து தேடித் தின்னச் செய்தார். ஒரு கழியின் நுனியிற் கயிறும் துணியும் கட்டிச் சுழற்றி விரட்டவிட்டார். “விடு” என்றதும் விட்டால்தான் மறுபடி விளையாட்டு. அதன்பின் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாய். பாயிற் படுத்து அமைதியாயிருந்தால் அவ்வப்போது ஒரு துணுக்கு இறைச்சி. துள்ளும் குட்டிக்குத் துள்ளுதலைக் கற்பிக்க வேண்டியதில்லை. சும்மா இருத்தலே அதற்குக் கடினமான பாடம்.

உலகத்தைக் காட்டும் வேலையும் அப்பருவத்திலேயே முடியவேண்டும். ஆனால் தடுப்பூசிகள் பதினாறு வாரம் வரை தொடர்வன. அதற்குள் பிற நாய்கள் திரியும் மண்ணில் விட்டால் பார்வோ என்னும் கொடிய கழிச்சல் நோய் பற்றக்கூடும். கடைவீதிக்கும் பள்ளி வாயிலுக்கும் கூடையில் வைத்துக் கொண்டுசென்று, தரையில் விடாமலே குடையையும் ஊன்றுகோலையும் சிறுபிள்ளைகளையும் காட்டலாம். நண்பர் இதனை ஓரளவே செய்தார். அக்குறை செம்பியிடம் இன்றும் தெரிகின்றது. நம் நாட்டில் மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுதலை ஒருபோதும் தவிர்க்கலாகாது.

யான் அங்குத் தங்கிய ஐந்தாம் வாரத்தில் ஒருநாள், பொட்டலம் கொணர்ந்த ஆள் பக்கத்து வாயிலைத் தாழிடாமற் சென்றுவிட்டான். இரண்டு நாய்களும் தெருவுக்குப் பாய்ந்தன. எதிர்ப்புறத்தில் நாலைந்து வயதுக் குழந்தையொன்று சிறு சைக்கிளில் வந்துகொண்டிருந்தது. என் நெஞ்சம் நின்றுவிட்டது. நண்பர் ஓடவில்லை, ஓடினால் அவை விளையாட்டென்றெண்ணி மேலும் ஓடும். நின்ற இடத்திலிருந்தே, “செம்பி, வா” என்றார். அது உடனே திரும்பிற்று. “கரியா, வா” என்றார். கரியன் குழந்தையைப் பார்த்தது, செம்பியைப் பார்த்தது, பின் நண்பரைப் பார்த்தது. அந்த மூன்று நொடியும் எனக்கு மூன்று நாழிகை. பின்னர் அதுவும் ஓடிவந்து அவர் காலடியில் உட்கார்ந்தது. அவர் முகத்தில் இரத்தமில்லை, கைகள் நடுங்கின. ஆயினும் ஒரு கடுஞ்சொல்லும் கூறாமல், “சபாஷ், சபாஷ்” என்று பையிலிருந்த இறைச்சி முழுவதையும் அவற்றுக்குப் பங்கிட்டார். அதன்பின்பே போய் வாயிலைத் தாழிட்டு, பூட்டும் இட்டார்.

இப்பொழுது அவற்றுக்கு மூன்று வயது கடந்துவிட்டது. இரண்டுக்கும் கருத்தடை செய்தாயிற்று. அண்மையில் வந்த கடிதத்தில் நண்பர் எழுதுகின்றார்: வயது முதிர முதிரச் செம்பிக்கு எலும்பின்மேல் உரிமையுணர்ச்சி மிகுகின்றது, சென்ற திங்களில் ஒருநாள் கரியனைப் பார்த்து உறுமிற்று. ஆகவே எலும்பு இனி வேறு வேறு அறையில்தான். வீட்டார் வெளியே செல்லும்போது இரண்டையும் ஒருசேர விட்டுச்செல்வது அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இரவில் மட்டும் கூண்டுகள் மீண்டும் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. கம்பிகளுக்கிடையே மூக்கோடு மூக்கு வைத்து அவை உறங்குகின்றனவாம்.