மிதிவண்டியில் ஒரு கல்லைத் தேடி

திருப்பாச்சூர் மாணவர்களிடம் ஊர்ப்பெயரின் பொருளைக் கேட்டுப் பாருங்கள். பாசு என்றால் மூங்கில் என்பார்கள். மூங்கில் புதரில் பசு தானாகப் பால் சொரிந்தது, வாசி என்னும் கருவியால் அங்கே தோண்டியபோது கல்லில் குருதி கசிந்தது, அதனால் இறைவன் வாசீஸ்வரர் ஆனார் என்ற தலபுராணமும் உடன் வரும். கோயிலைக் கட்டியது கரிகாலன் என்று முடிப்பார்கள்.

கதை சொல்லும் கல் எல்லா நாட்டிலும் உண்டு. அயர்லாந்தின் தாரா குன்றில் நிற்கும் லியா ஃபாயில் என்னும் நெடுங்கல், உரிய அரசன் கால் வைத்தால் குரல் எழுப்புமாம். 1798ஆம் ஆண்டுப் போரில் இறந்தவர்களின் நினைவாக அந்தக் கல்லை இடம் மாற்றி நட்டார்கள். கதை கூடவே போனது. ஆனால் பழைய இடத்து மண் சொல்லக்கூடியது கல்லோடு போகவில்லை.

இதை வகுப்பில் விளக்க நமக்கு அருகிலேயே இடம் இருக்கிறது. திருப்பாச்சூரிலிருந்து பூண்டி பத்து கிலோமீட்டருக்குள்தான். 11ஆம் வகுப்பு மாணவர்களிடம் விலையில்லா மிதிவண்டி உள்ளது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1985இல் அமைத்த பூண்டி அகழ்வைப்பகத்தில் கற்கால மக்களின் கைக்கோடரிகளைப் பார்க்கலாம். பூண்டிக்கு அப்பால், கொசஸ்தலையாற்றுப் பகுதியில் அதிரம்பாக்கம். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இலேயே அங்கு கற்கருவிகளைக் கண்டார்.

அவற்றின் வயதை எப்படி அறிந்தார்கள்? மாணவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. உருவத்தைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. சாந்தி பப்பு குழுவினர், கருவிகள் கிடந்த களிமண் படிவில் பதிந்திருந்த காந்தத் திசையை அளந்தார்கள். அது இன்றைய திசைக்கு நேர்மாறாக இருந்தது. புவியின் காந்தத் திசை கடைசியாகத் தலைகீழானது ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன். ஆகவே படிவு அதைவிடப் பழையது. கல் மண்ணுக்குள் புதைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பதையும் தனியே கணக்கிட்டு, சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என 2011இல் வெளியிட்டார்கள். அந்தக் கருவிகளை யாராவது முன்பே பொறுக்கிக்கொண்டு போயிருந்தால் இந்தக் கணக்குக்கு வழியே இல்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் வயலில் எடுத்த கைக்கோடரி போன்ற ஒரு கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தான். கைதட்டிப் பாராட்டினேன். எந்த வயல், எவ்வளவு ஆழம் என்று மறுவாரம் கேட்டபோது அவனுக்கு நினைவில்லை. அன்றே கேட்காதது என் பிழை.

இப்போது என் மாணவர்களுக்கு ஒரே விதி. கல்லை எடுக்காதே, பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடு, இடத்தைக் குறி, ஆசிரியரிடம் சொல்.

பயணத்துக்குத் தலைமையாசிரியர் அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும். விடிந்ததும் புறப்பட்டால் வெயிலுக்கு முன் போய்ச் சேரலாம். திருப்பதி நெடுஞ்சாலையில் லாரிகள் ஓயாது, எனவே சாலையை இறங்கி, தள்ளிக்கொண்டே கடக்கட்டும். முன்னால் ஓர் ஆசிரியர், பின்னால் ஓர் ஆசிரியர், ஒரு காற்றடிக்கும் பம்பு. அகழ்வைப்பகத்தின் விடுமுறை நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.