கண்ணை மூடு, காதைத் திற

வங்கி வேலைக்கோ மத்திய அரசுப் பணிக்கோ ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்களின் காலை வாரிவிடும் குட்டிச் சொற்கள் இரண்டு உண்டு: 'ஏ', 'ஆன்'. பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகளில் இவை அடிக்கடி தலைகாட்டும்.

பள்ளியில் உருப்போட்ட சூத்திரம் பலருக்கும் நினைவிருக்கும். ஏ, இ, ஐ, ஓ, யு என்ற ஐந்து எழுத்துகளுக்கு முன் 'ஆன்', மற்றவற்றுக்கு 'ஏ'. சிக்கலே இங்குதான். யுனிவர்சிட்டி 'யு'வில் தொடங்கினாலும் 'ஏ யுனிவர்சிட்டி'தான். ஒலிப்பது யகர மெய். 'ஆனஸ்ட்' என்ற சொல்லின் முதல் எழுத்தான 'எச்' ஊமை. எனவே 'ஆன் ஆனஸ்ட் மேன்'. விதி எழுத்துக்கல்ல, அடுத்து வரும் சொல்லின் ஒலிக்கு.

தமிழருக்கு இது புதிதல்ல. எழுத்துத் தமிழில் 'ஓர் ஊர்', 'ஒரு வீடு' என்கிறோமே, அதே கதைதான். 'ஆன்' என்பதும் பழைய ஆங்கிலத்தில் ஒன்று என்ற எண்ணைக் குறித்த சொல்லின் வாரிசு. மெய்யொலிக்கு முன் னகரம் தேய்ந்து 'ஏ' ஆயிற்று. அந்த னகரம் பக்கத்துச் சொல்லையும் குழப்பியதுண்டு. சமையலறை ஏப்ரன் ஒரு காலத்தில் 'நேப்ரன்'. கிரிக்கெட் அம்பயரும் இப்படி நகரத்தைப் பறிகொடுத்தவர்தான்!

பத்திரிகை அலுவலகத்தில் சோதிப்பவை சுருக்கப் பெயர்கள். எம்.எல்.ஏ., எஃப்.ஐ.ஆர்., எஸ்.பி. எல்லாம் ஆங்கில மெய்யெழுத்தில் தொடங்கி உயிரொலியில் ஒலிப்பவை. எனவே 'ஆன்'. யு.பி. அமைச்சருக்கோ 'ஏ'.

காதை நம்புவதிலும் தமிழ் நாக்குக்கு ஓர் ஆபத்து உண்டு. பேச்சில் எம்.எல்.ஏ.வை 'யெம்மெல்லே' ஆக்குகிறோம். 'எக்'கை 'யெக்' என்கிறோம். அந்த யகரத்தை நம்பி 'ஏ எக்' என்று எழுதினால் மதிப்பெண் போச்சு. 'எச்' எழுத்தையும் பலர் 'ஹெச்' என்கிறார்கள். அகராதிகள் முன்னிறுத்தும் உச்சரிப்பு 'ஏய்ச்'. அதன்படி 'ஆன் எச்.ஆர். மேனேஜர்'. 'ஹெச்' என்பவர் பேச்சில் 'ஏ' போடுவது அவர் காதுக்கு நியாயம்தான். தேர்வுத்தாளில் அகராதி வழியே பத்திரம்.

அரை மதிப்பெண்ணில் வேலை கைநழுவும் காலம் இது. ஐந்து எழுத்துச் சூத்திரத்தோடு ஆசிரியர்கள் நிறுத்திக்கொள்ளாமல், அகராதியில் உச்சரிப்பைப் பார்க்கவும் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவும் பழக்கினால் போதும். ஓர், ஒரு தெரிந்த பிள்ளைக்கு ஆன், ஏ எம்மாத்திரம்?