லியோன்: கதவுக்குப் பின்னால் ஒரு தெரு

பிரான்சின் லியோன் நகரில், சேன்-ழான் தெரு 54-ஆம் எண் கதவைத் தள்ளினால் உள்ளே வீடு தெரியாது. மங்கலான நடை ஒன்று நீண்டு போகும். அதைக் கடந்தால் ஒரு முற்றம். மறுபடி நடை, மறுபடி முற்றம். இப்படியே கட்டடம் விட்டுக் கட்டடம் புகுந்து நடந்தால், அடுத்த தெருவான ரூ து பெஃபில் 27-ஆம் எண் வாசலில் போய் நிற்போம். வீடுகளின் வயிற்றுக்குள் ஓடும் இந்தப் பாதைக்கு லியோன்காரர்கள் வைத்த பெயர் ‘திராபூல்’. நகரம் முழுக்க இப்படி நூற்றுக்கணக்கில் உண்டு. பொதுமக்கள் நுழையக்கூடியவை மிகச் சில.

இது அழகுக்காகக் கட்டியது என்று நினைத்துவிடக் கூடாது. பழைய லியோன், சோன் ஆற்றுக்கும் ஃபூர்வியேர் குன்றுக்கும் நடுவே சிக்கிய ஒடுக்கமான நிலம். தெருக்கள் ஆற்றுக்கு இணையாக ஓடின. குறுக்குச் சந்துகள் குறைவு. தண்ணீருக்கும் படகுத்துறைக்கும் சுற்றிப் போக முடியாமல், வீடுகளுக்குள்ளேயே வழி விட்டுக் கட்டினார்கள். 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் ஊர்ச் சந்தைகளை நம்பி வந்த இத்தாலிய வங்கிக்காரர்களும் வணிகர்களும் அந்த முற்றங்களில் சுழல்படிக் கோபுரங்களை எழுப்பினார்கள். ரூ து பெஃப் 16-ஆம் எண்ணில் இருக்கும் இளஞ்சிவப்புக் கோபுரம் அவற்றில் ஒன்று. 1536-இல் மன்னர் முதலாம் பிரான்சுவா பட்டு நெசவுக்கு உரிமை வழங்கினார். அதன்பின் ஊரின் தலையெழுத்தே பட்டாகிவிட்டது.

வசதியானவர்கள் காலப்போக்கில் ஆற்றைத் தாண்டிப் போனார்கள். விட்டுப்போன மாளிகைகளை அறை அறையாகத் தடுத்து ஏழைகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். 1950-களில் இந்தப் பகுதிக்கு வந்தவர் கண்டது கரி படிந்த சுவர்களையும், ஈரம் ஊறிய படிகளையும், கண்ட கண்ட கொட்டகைகளால் அடைபட்ட முற்றங்களையும்தான். 1957-இல் மேயரான லூயி பிரதெலுக்குக் காரும் கான்கிரீட்டும்தான் எதிர்காலம். பழைய நகரத்தின் நடுவே ஒரு பெருஞ்சாலை போடத் திட்டமிட்டார். அது நிறைவேறியிருந்தால் இன்று நடந்து பார்க்க அங்கே பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்காது.

தடுத்தவர்கள் ஊர்க்காரர்கள். பழைய லியோனின் மறுமலர்ச்சிக்கென்று 1946-இலேயே ஒரு சங்கம் இருந்தது. பத்திரிகையாளர் ரெழிஸ் நெய்ரே போன்றவர்கள் அதில் சேர்ந்து, இடிப்பதற்கு எதிராக எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள், பாரிஸ் வரை போனார்கள். அப்போது பண்பாட்டு அமைச்சராக இருந்த ஆந்திரே மால்ரோவின் பெயரால் அறியப்படும் சட்டம் 1962 ஆகஸ்டில் வந்தது. தனித்தனிக் கட்டடத்தைக் காப்பதோடு நிற்காமல், ஒரு பகுதி முழுவதையுமே காக்க வகைசெய்த சட்டம் அது. 1964-இல் பிரான்சிலேயே முதலாவதாகப் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவிக்கப்பட்டது பழைய லியோன்தான். கொட்டகைகளை அகற்றி, பூச்சைச் சுரண்டியபோது உள்ளே அடைபட்டிருந்த வளைவுகளும் மாடங்களும் வெளியே வந்தன. 1998-இல் யுனெஸ்கோ லியோனின் வரலாற்றுப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கரி போய்க் காவியும் ரோஜா நிறமும் வந்தது நல்லது. ஆனால் கரியோடு அங்கே குடியிருந்தவர்களும் போனார்கள். வீடு சீரானால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் ஏழை வெளியேறுவார். சேன்-ழான் தெருவில் இன்று உணவகத்துக்கு அடுத்து உணவகம். கல்லைக் காப்பாற்றிய அளவுக்கு அதனுள் வாழ்ந்தவர்களைக் காப்பாற்ற யாரும் மெனக்கெடவில்லை என்பது என் வருத்தம்.

லியோனுக்குப் போகும் பலரும் இந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறார்கள். ஆற்றைக் கடந்து, தெரோ சதுக்கம் வழியாகக் குருவா-ரூஸ் குன்றின் மேல் ஏற வேண்டும். அங்கேதான் ‘கனூ’ எனப்படும் பட்டு நெசவாளர்கள் இருந்தார்கள். லியோனில் பிறந்த ழோசேஃப் மாரி ழக்கார் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துளையிட்ட அட்டைகளால் இயங்கும் தறிக்கருவியை அமைத்தார். காஞ்சிபுரத்தில் நம் நெசவாளர்கள் பூவேலைக்கு ஏற்றும் ‘ஜக்கார்டு’ அவர் பெயர்தான். அதைப் பூட்டிய தறிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் உயரம் வேண்டும். பழைய நகரத்தின் தாழ்ந்த கூரைக்குள் அது அடங்கவில்லை. தறிக்காகவே இந்தக் குன்றின் மேல் உயர்ந்த கூரையும் நெடிய ஜன்னலுமாகப் புதிய வீடுகளைக் கட்டினார்கள். அறை முழுவதும் தறிக்கு. குடும்பம் படுப்பது மேலே கட்டிய மரப்பரணில். தறி எழுப்பும் ஓசையை வைத்தே அதற்கு ‘பிஸ்தான்கிளாக்’ என்று பெயர்.

பட்டு வியாபாரி நூலைக் கொடுப்பார், நெய்த துணிக்குக் கூலி கொடுப்பார். 1831 அக்டோபரில், மாவட்ட ஆட்சியாளர் முன்னிலையில் குறைந்தபட்சக் கூலிப் பட்டியல் ஒன்று முடிவானது. வியாபாரிகள் பலர் அதை மதிக்க மறுத்தார்கள். நவம்பர் 21 அன்று நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்து குன்றிலிருந்து இறங்கினார்கள், படையினரோடு மோதினார்கள். இரு தரப்பிலுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில நாள்கள் நகரமே நெசவாளர் கையில் இருந்தது. பிறகு அரசு பெரும்படையை அனுப்பியது, கூலிப் பட்டியல் ரத்தானது, அதற்கு உதவிய ஆட்சியாளர் பதவி இழந்தார். 1834-இல் மீண்டும் எழுந்தபோது அடக்குமுறை இன்னும் கொடியதாக இருந்தது.

கொல்பேர் சதுக்கம் 9-ஆம் எண்ணில் நுழைந்தால் ‘கூர் தெ வொராஸ்’ முற்றம். ஆறு மாடி உயரத்துக்குத் திறந்த கற்படிகள் எதிரே எழுந்து நிற்கும். ‘வொராஸ்’ என்பது 1848 கிளர்ச்சியில் பங்கெடுத்த நெசவாளர் அமைப்பின் பெயர். அன்று பட்டுச் சுருளை மழை படாமல் தோளில் சுமந்து போன வழிகளில், இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளை எதிர்த்த ரகசியப் போராளிகள் மறைந்து நடமாடினார்கள். இன்று அந்த உயர்ந்த கூரை வீடுகளில் இளம் தம்பதிகள் குடியிருக்கிறார்கள். நெசவாளர் படுத்த பரண் விலை கூடிய படுக்கையறை ஆகியிருக்கிறது. தறிச் சத்தம் கேட்க வேண்டுமானால் ரூ திவ்ரியில் உள்ள ‘மேசோன் தே கனூ’ அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே இன்னும் நெய்து காட்டுகிறார்கள்.

திராபூல்கள் தனியார் சொத்து. துப்புரவு, விளக்கு, பழுதுபார்ப்புச் செலவில் நகராட்சி பங்கேற்கிறது. பதிலுக்கு உரிமையாளர்கள் வழி விடுகிறார்கள். இந்த ஏற்பாடு நிலைப்பது நடப்பவர்களின் பண்பைப் பொறுத்தது. முற்பகலிலேயே போய்விடுங்கள், பல கதவுகளில் தபால்காரருக்கென்று உள்ள பொத்தான் அப்போதுதான் வேலை செய்யும். உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். மாடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம். சேன்-ழானோடு திரும்பிவிடாமல் குன்றின் மேலும் ஏறிப் பாருங்கள்.