உலகத்தோடு இயைதல்: ஒரு குறட்பொருள் ஆராய்ச்சி

உணவு, உடை, இருக்கை, சொல் என அன்றாட வாழ்வின் கூறுகள் அனைத்திலும் பிறரை ஒத்து நடப்பதே ஒழுக்கம் என்பார் பலர். அவர் தமக்குச் சான்றாகக் காட்டுவது ஒழுக்கமுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளாகும் (140). உலகத்தாரோடு பொருந்த நடக்க அறியாதவர், பல நூல் பயின்றும் அறிவிலார் என்பது அதன் கருத்து. பலர் செய்வதைத் தாமும் செய்க என்பதோ வள்ளுவர் உள்ளம்? இதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் நோக்கத்தக்கது 'உலகம்' என்னும் சொல். வழக்கென்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என மரபியலில் தொல்காப்பியர் வரையறுத்தார். பரிமேலழகரும் உயர்ந்தோர் பலர் சென்ற நெறியிற் செல்லுதல் என்றே இக்குறட்குப் பொருள் கண்டார். அம்மட்டோடு அமையாது, அறநூல்கள் விதித்தவற்றுள் காலத்துக்கு ஒவ்வாதன விடுதலும், விதியாதனவற்றுள் ஏற்பன கொள்ளுதலும் இதனுள் அடங்கும் என்றார். எனவே, ஒட்டி நடத்தலில் ஆராய்ந்து விடுதலும் ஓர் உறுப்பாதல் தெளிவு.

இனி, உயர்ந்தோர் யாவர்? அதிகார முகப்பில் வருணத்தையும் நிலையையும் பற்றியே ஒழுக்கத்தை விளக்குகின்றார் பரிமேலழகர். மூலமோ குடிச்சிறப்பை ஒழுக்கத்தின்மேல் ஏற்றுகின்றது (133). மேல்நிலையில் இருந்தும் பெருங்குணம் இல்லார் மேலோர் ஆகார் எனப் பிறிதோரிடத்தும் கூறுகின்றது (973). உலகம் பழிப்பதை நீக்கியவர்க்கு மொட்டையும் சடையும் வேண்டா என்பதனால் (280), புறக்கோலத்து ஒப்புமை ஒழுக்கமாகாமையும் பெறப்படும்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. கணவன் பூதப்பாண்டியன் இறந்தபின் தீப்பாய முற்பட்ட பெருங்கோப்பெண்டு, தடுத்த சான்றோரிடம் கைம்மை வாழ்வை எடுத்துரைக்கின்றாள் (புறநானூறு 246). எள் துவையலும் புளியிட்டு வெந்த வேளைக்கீரையும் உணவு. பாயின்றிப் பருக்கைக் கல்லே படுக்கை. அவ்வாழ்வினை ஏலாத தனக்கு ஈமத்தீயும் தாமரைப் பொய்கையும் ஒன்றே என்கின்றாள். ஒருத்தியின் சோற்றையும் துயிலையும் வழக்கம் எத்துணைக் கடுமையாக வகுத்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அந்நோன்பு இன்று அருகிற்று. ஆயினும் மங்கல வினைகளில் கைம்பெண்டிரை ஒதுக்கும் வழக்கம் முற்றும் மறைந்திலது. உலகத்தோடு ஒட்டுக எனக் கூறி அதனைக் காப்போர், ஒவ்வாதன விடுக என்னும் உரைப்பகுதியை மறந்தோராவர். அதனைக் கைவிடுவோரே அக்குறளின் வழி நிற்போர் என்பது எம் துணிபு.